இரண்டுக்கு மேல் ஏறாது

தையல்காரிக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதை முதியோர் பராமரிப்பு வாரியம் ஒருபோதும் மறுக்கவில்லை. அந்த அக்காவுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதைத்தான் அது ஒப்புக்கொள்ளவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்று தையல்காரி வாரிய அலுவலக ஜன்னலில் கேட்டாள்.

“அது எப்படிம்மா ஒண்ணாகும்? அவங்க உங்க அக்காங்கறது உங்க விஷயம். நீங்க அவங்க தங்கச்சிங்கறது எங்க விஷயம்” என்றார் ஜன்னல் எழுத்தர். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியில் அரை வட்டமாக வெட்டியிருந்த ஓட்டை வழியாக வரும்போது எல்லார் குரலும் கொஞ்சம் தூரத்திலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது.

அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவைப்பதே அவள் பிழைப்பாக இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையல்காரியும் தன் வீட்டுக்காரர் போன பிறகு அக்காவோடுதான் இருந்தாள். மூன்றாம் மாடியில் ஒரே அறை. ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் இரண்டு கட்டில்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவின் இடுப்பு எலும்பு முறிந்தது. அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. கட்டிலோடு தூக்கி இறக்கிய அக்காவை மறுபடி கட்டிலோடு தூக்கி ஏற்ற யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வாரியத்தின் இல்லத்தில் சேர்த்தார்கள். இல்லம் பக்கத்துத் தெருதான். தையல்காரி தினமும் சாயங்காலம் போய் அக்காவின் தலையை வாரிவிட்டு வருவாள்.

பிறகு வாரியம் நவீனமானது.

இனிமேல் உறவினர்கள் எல்லாரும் வாரியத்தின் வலைத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும், முதியவரும் உறவினரும் சேர்ந்திருக்கும், மூன்று மெகாபைட்டுக்கு, அதாவது மூன்று எம்பிக்குக் குறையாத புகைப்படம் ஒன்றை ஏற்ற வேண்டும், பதிவாகாதவர்களுக்கு வாசலில் அனுமதி இல்லை என்று பலகை வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் யாரும் பதியாத முதியவர்கள் ‘உறவினரற்றோர்’ என்று கருதப்பட்டு, ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் தனி இல்லத்துக்கு மாற்றப்படுவார்கள். உறவே இல்லாதவர்கள் ஊருக்குள் இருந்து இடத்தை அடைப்பானேன் என்பது வாரியத்தின் கருத்து.

தையல்காரியிடம் புகைப்படம் இருந்தது. இணைப்பக வாசலில் எடுத்தது. அக்கா காதுக்கருவியைக் கழற்ற மறந்து, அது கழுத்தில் தொங்கக் காமிராவை முறைக்கிறாள். பக்கத்தில் தங்கை, தானே தைத்த முதல் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, அதன் ஒரு கை சற்றுத் தூக்கலாக இருப்பதை மறைக்கத் தோளைச் சாய்த்து நிற்கிறாள். பட்டறைத் தெருவில் இருந்த ஸ்டூடியோக்காரர் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். மூன்றே கால் எம்பி வந்தது.

“நல்ல வேளை. மூணு எம்பிக்குக் குறைஞ்சா மூஞ்சி தெளிவா இல்லைன்னு வாரியம் தள்ளிடும்” என்றார்.

வீட்டுக்கு வந்து, செல்பேசியில் வலைத்தளத்தைத் திறந்து, படத்தை ஏற்றினாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘கோப்பு மிகப் பெரிது. உச்சவரம்பு இரண்டு எம்பி.’

திரும்ப ஸ்டூடியோவுக்கு ஓடினாள். அவர், பலகையிலிருந்து அவள் எழுதி வந்திருந்த விதியையும் செல்பேசியில் இருந்த சிவப்பு வரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணுக்குக் கீழ போனா ஆபீஸ் தள்ளும். ரெண்டுக்கு மேல போனா மிஷின் தள்ளும். ரெண்டுக்குக் கீழயும் மூணுக்கு மேலயும் ஒரே நேரத்துல இருக்கற மாதிரி ஒரு படம் எடுக்கணும்னா, அதுக்கு வேற காமிரா வேணும்மா.”

காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதிலேயே தையல்காரிக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்துவிட்டது.

*

“படம் பெரிசா இருக்கக் கூடாதும்மா” என்றார் ஜன்னல் எழுத்தர்.

“சின்னதாவும் இருக்கக் கூடாதுன்னு உங்க பலகையில போட்டிருக்கே?”

“ஆமா. சின்னதாவும் இருக்கக் கூடாது.”

“அப்ப நான் என்ன மேடம் செய்யறது?”

எழுத்தர் நாற்காலியில் சாய்ந்து அவளைப் பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை போலிருந்தது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் திட்டிவிட்டோ அழுதுவிட்டோ போயிருந்தார்கள்.

“முதல் மாடிக்குப் போங்க. அமைப்புக் கோப்புப் பிரிவு. ரெண்டை மூணாக்கறது அவங்க வேலைதான்.”

முதல் மாடி அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவர் மேசையில் ஒரு கணினி, அதன் மேல் தூசி படியாமல் இருக்க ஒரு துணி உறை. உறையின் ஓரம் பிரிந்திருந்தது. தையல்காரியின் கை தானாக அங்கே போய்த் திரும்பியது.

“நம்ம வலைத்தளம் ஒரு நிரல்மொழியில எழுதினது. பிஎச்பின்னு பேரு” என்று ஆரம்பித்தார் அதிகாரி. “அது எழுந்திரிக்கும்போது ஒரு கோப்பைப் படிக்கும். அதுல என்ன எழுதியிருக்கோ அதுபடி நடக்கும். எவ்வளவு பெரிய படத்தை உள்ள விடலாம்னு அதுலதான் இருக்கு. அந்தக் கோப்பு யார்கிட்ட இருக்குன்னு நினைக்கறீங்க?”

“உங்ககிட்டயா சார்?”

அவர் கண்ணைமூடித் தலையாட்டினார். பிறகு உறையைத் தூக்கிக் கோப்பைத் திறந்து காட்டினார். “பாருங்க. எட்டு. போன வருஷமே எட்டாக்கிட்டேன். ரெண்டுங்கற பேச்சே இங்க இல்ல.”

“ஆனா அது ரெண்டுன்னு சொல்லுதே சார்.”

“அது சொல்றதை ஏன் கேக்கறீங்க? நான் சொல்றதைக் கேளுங்க. எட்டு.”

அவள் அங்கேயே செல்பேசியில் ஏற்றிப் பார்த்தாள். சிவப்பு வரி வந்தது. அதிகாரி அதை எட்டிப் பார்க்கவே இல்லை. கோப்பில் எட்டு என்று இருக்கும்போது உலகத்தில் இரண்டு என்று இருப்பது உலகத்தின் தவறு என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“இரண்டாம் மாடியிலயும் ஒரு கோப்பு இருக்கறதா சொல்லிட்டுத் திரியறாங்க. நம்பாதீங்க. அது வெறும் நகல்” என்று மட்டும் வாசல்வரை வந்து எச்சரித்தார்.

இரண்டாம் மாடி அதிகாரி சிரித்தார். “எட்டா? பாவம், அவர் நல்ல மனுஷன். அவர் கோப்பை மிஷின் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. என்கிட்ட இருக்கறதுதான் அசல். பாருங்க, பதினாறு.”

மூன்றாம் மாடியில் அறுபத்து நாலு. அங்கே இருந்த அம்மாள் தாராள மனசுக்காரர்; “உங்களுக்காக நூறாக்கட்டுமா?” என்று கேட்டு, கேட்டபடியே ஆக்கியும் கொடுத்தார். மாடி ஏற ஏற எண் பெரிதாகிக்கொண்டே போனது. யாருக்கும் போய்ச் சேராத தாராளத்துக்கு உச்சவரம்பு கிடையாது என்பதைத் தையல்காரி மொட்டைமாடிக் கதவு வரைக்கும் போய்த் தெரிந்துகொண்டாள். அங்கேயும் ஏற்றிப் பார்த்தாள். இரண்டு.

*

இல்லத்திலிருந்து வாரம் ஒருமுறை பேச அனுமதி உண்டு. நடைபாதையில் ஒரு பொதுத் தொலைபேசி, அதற்கு ஒரு வரிசை.

“என்னடி, இன்னும் நீ என் தங்கச்சி ஆகலையா?”

“ஆயிட்டே இருக்கேன்க்கா.”

“அம்மா பத்து மாசத்துல முடிச்ச வேலை. இவங்களுக்கு இன்னும் எவ்வளவு நாளாம்?”

“எந்தக் கோப்பைப் படிக்குதுன்னு தெரியலையாம்.”

“யாரு?”

“மிஷினு.”

பின்னால் யாரோ இருமும் சத்தம். “லைன்ல இரு” என்றாள் அக்கா பழைய இணைப்பகக் குரலில், பிறகு யாரிடமோ, “ஐயா, பேசிக்கிட்டிருக்கேன்ல, உங்களுக்கு யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏன் வரிசையில நிக்கறீங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது. அந்த ஐயா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “சரி, நில்லுங்க. நானும் முடிச்சிடறேன்” என்றாள்.

“இங்க தலைவாரி விடறவ ஒருத்தி வர்றா. சீப்பால மண்டையில கோடு போடறா. நீ சீக்கிரம் வா.”

அன்று தையல்காரி இரண்டு கட்டில்களிலும் விரிப்பை மாற்றினாள். ஒன்றில் அழுக்கே இல்லை.

*

மூன்று மாடிகளிலும் ஒரே நாளில் ஒருத்தி ஏறி இறங்கியதில், மூன்று அதிகாரிகளுக்கும் அடுத்தவர் எண் தெரிந்துபோயிற்று. வாரியத்தில் சண்டை மூண்டது. இயந்திரம் யார் கோப்பைப் படிக்கிறது என்பதை முடிவு செய்ய இயக்குநர் கூட்டம் போட்டார். ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்று எழுதிய அட்டையின் பின்னால் தையல்காரியை உட்காரவைத்தார்கள். அட்டை அவள் முகத்தை மறைத்தது. அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

இயக்குநர் எழுந்து பேசினார்.

“நமது வாரியத்தில் கோப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கோப்புகளை வைத்திருக்கிறோம். இதைச் சிலர் குறை என்கிறார்கள். நாளைக்கு ஒரு கோப்பு பயன்படாமல் போனால், பயன்படாமல் இருப்பதற்கு மேலும் இரண்டு வேண்டாமா? இந்த இயந்திரம் யாருக்குக் கீழ்ப்படிகிறது என்று தெரியாமலேயே இத்தனை ஆண்டுகள் அதை வெற்றிகரமாக நடத்தியிருக்கிறோம். தெரிந்திருந்தால் எவ்வளவு குழப்பம் ஏற்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இன்று, வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, கதவுகளை மூடிக்கொண்டு இயந்திரத்திடமே கேட்கப்போகிறோம்.”

எல்லாரும் இயந்திர அறைக்குப் போனார்கள். குளிர்ந்த சிறிய அறை. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டினார்கள். நீ எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று அதற்கு அர்த்தமாம். இயந்திரம் யோசிக்கவே இல்லை. முதல் மாடிக் கோப்பின் பெயரைச் சொன்னது.

முதல் மாடி அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் மாடி அதிகாரி கைகொடுத்தார், விரலை மட்டும். மூன்றாம் மாடி அம்மாள், தன் நூறு இப்படி வீணானதே என்று முணுமுணுத்தார். எல்லாருக்கும் டீ வந்தது.

அட்டையின் பின்னாலிருந்து வந்திருந்த தையல்காரி, “ஏத்திப் பார்க்கட்டுமா சார்?” என்றாள்.

ஏற்றினாள். இரண்டு.



“படத்துல ஏதோ கோளாறு” என்றார் முதல் மாடி அதிகாரி முதலில் சுதாரித்துக்கொண்டு. “எட்டுன்னு இருக்கும்போது மூணேகால் உள்ள போகலைன்னா, அந்தப் படம் தன்னை ரொம்பப் பெரிசா நினைச்சுக்குதுன்னுதான் அர்த்தம்.” படத்தை வாங்கிக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காதுக்கருவியோடு ஒருத்தி முறைப்பது ஒழுங்கீனம் என்று கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

*

வலைத்தளத்தைக் கட்டிக்கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். அவர் தோளில் பையோடு நின்றுகொண்டே விஷயத்தைக் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற முகம்.

“உள்ள இருந்து கேட்டீங்களா, வெளிய இருந்து கேட்டீங்களா?” என்றார்.

“உள்ளேயிருந்துதான். வெளியே நின்று கேட்பது நமக்கு வழக்கமில்லை” என்றார் இயக்குநர்.

“அதான். உள்ள கறுப்புத் திரையில கேட்டா, அது உள்ளுக்குன்னு ஒரு கோப்பை வச்சிருக்கும், அதைச் சொல்லும். ஜனங்க ஜன்னல் வழியா வரும்போது வேற கோப்பைப் படிக்கும். மொழி ஒண்ணுதான். யார் கேக்கறாங்கங்கறதைப் பொறுத்து பதில் மாறும்.”

இயக்குநர் அந்த இயந்திரத்தை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். “நம்மோடு இருந்தே கற்றுக்கொண்டிருக்கிறது” என்றார்.

பொறியாளர் ஒற்றை வரியில் ஒரு பக்கம் எழுதி வலைத்தளத்தில் வைத்தார். தையல்காரியின் செல்பேசியை வாங்கி அதில் திறந்தார். தன்னைப் பற்றிய எல்லா உண்மைகளையும் இயந்திரம் நீளமாகக் கொட்டியது. மேலேயே இருந்தது: தான் எழுந்தபோது படித்த அமைப்புக் கோப்பு இன்னது என்று. அது முதல் மாடியும் இல்லை, இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. ‘பழையது’ என்ற உறைக்குள் ‘தற்காலிகம்’ என்ற உறைக்குள் ஒரு கோப்பு. திறந்தால் இரண்டு என்று இருந்தது.

“இது யாருடையது?” என்றார் இயக்குநர்.

இவ்வளவு நாள் என் கோப்பு என் கோப்பு என்று அடித்துக்கொண்ட மூவரும், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

“நானே மாத்திடறேன் சார். ஒரு நிமிஷ வேலை” என்று பொறியாளர் விசைப்பலகையில் கைவைத்தார்.

“மாற்றலாம். மாற்றுகிறவர் அந்தக் கோப்புக்கு உரியவர் ஆகிவிடுவார். அதன்பிறகு தணிக்கைக்கெல்லாம் நீங்கள்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.”

பொறியாளர் சூடுபட்டதுபோலக் கையை எடுத்தார்.

“உரியவர் இல்லாத கோப்பில் கைவைக்க எனக்கு மட்டும் என்ன உரிமை?” என்று இயக்குநர் உருக்கமாகக் கேட்டார். “இத்தனை வருடம் தனியாக ஒரு மூலையில் இருந்து, யாரும் பார்க்காதபோதும் வாரியத்தைத் தாங்கியிருக்கிறது. அதைப் பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் கடமை. அவசரப்பட்டு அதை அநாதை என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குக் கால வரையறை வைப்பது மனிதத்தன்மை ஆகாது.”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையல்காரியும் குனிந்துகொண்டாள். ஆனால் கோப்பை நினைத்து அல்ல.

போகும்போது பொறியாளர், அந்த உண்மை சொல்லும் பக்கத்தை அழித்துவிட்டுத்தான் போனார். அது வெளியே இருப்பது பாதுகாப்பில்லையாம். இந்த ஒரு விஷயத்தில் வாரியத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

*

கோப்பின் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது மாதம் முடிந்தது.

“நாளைக்குக் காலையில வண்டியாம்” என்றாள் அக்கா தொலைபேசியில். “உறவில்லாதவங்க எல்லாரும் பையோட வாசல்ல நிக்கணுமாம். என் பைக்கு ஜிப் போயிடுச்சு. ஊக்கு குத்தியிருக்கேன். நீ பார்த்தா திட்டுவ.”

“நான் வர்றேன்க்கா.”

“எங்க வருவ? உள்ளதான் விட மாட்டாங்களே.”

“ரோட்டுல நிக்கறேன். ரோட்டுக்குப் பதிவு வேணாமே.”

மறுநாள் எதிர்ப்புற நடைமேடையில் நின்றாள். வண்டி வெளியே வந்தபோது ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். வழியனுப்ப வந்திருந்தது அவள் ஒருத்திதான். அதனால் எல்லா முகங்களும் அவளைத்தான் பார்த்தன. கடைசி ஜன்னலில் அக்கா இருந்தாள். தலையில் நேர்கோடாக வகிடு. கையை அசைக்கவில்லை, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதோடு வைத்துக் காட்டினாள். பேசு என்றா, பேசுகிறேன் என்றா தெரியவில்லை. தையல்காரியும் அப்படியே வைத்துக் காட்டினாள். வண்டி திரும்பிப் போன பிறகும் காதிலிருந்து கையை எடுக்க அவளுக்குக் கொஞ்சநேரம் ஆனது. வழியில் போனவர்கள், ரோட்டோரத்தில் கருவியே இல்லாமல் ஒருத்தி யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவள் பிறகும் வாரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். உறவு பதிவானால் அக்காவைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஜன்னலில் சொல்லியிருந்தார்கள்.

கோப்புக்குக் குடும்பம் அகப்படவில்லை. கூடுதலாக ஓர் உதவியாளர் தருவதாகச் சொன்னதும் முதல் மாடி அதிகாரி அதைத் தத்து எடுத்துக்கொண்டார். புகைப்படம் எடுத்தார்கள். இரண்டை அழித்து எட்டு என்று எழுதினார். ஏற்றிப் பார்த்தால் அப்போதும் இரண்டுதான். பொறியாளருக்குப் போன் போட்டார்கள்.

“அது எழுந்திரிக்கும்போது ஒரு தடவைதான் சார் கோப்பைப் படிக்கும். நீங்க நடுவுல மாத்தினா அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை நிறுத்தி எழுப்புங்க. கண் மூடித் திறக்கற நேரம்தான்.”

இயந்திரத்தை அதுவரை யாரும் நிறுத்தியதில்லை. அதை ஒரு மந்திரி பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்திருந்தார். மந்திரி தொடங்கியதை ஒரு கடைநிலை ஊழியர் நிறுத்துவதா? அதே தகுதியில் ஒருவர் வந்தால்தான் முறை என்று தீர்மானமாயிற்று. தேதி கேட்டுக் காத்திருந்தார்கள். மந்திரி வந்தார். நாற்காலிகள் போட்டார்கள்.

“ஆட்சிக்கு வந்த நாள் முதல் நாங்கள் எதையும் நிறுத்தியதில்லை” என்று மந்திரி பேசினார். “தொடங்குவதுதான் எங்கள் பழக்கம். எனவே, இதை நிறுத்துவதாக நான் நினைக்கவில்லை. தொடங்குவதற்காகச் சற்று அணைக்கிறேன். எட்டு எம்பி! ஒரு காலத்தில் நம் மக்களுக்கு ஒரு எம்பிகூட இல்லை. இன்று ஓர் ஏழைத் தாய் எட்டு எம்பிவரை சிரிக்கலாம்.”

கைதட்டல். பொத்தான். இயந்திரம் அணைந்து எழுந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான்.

தையல்காரி பின்வரிசையில் நின்றபடியே ஏற்றினாள். பச்சை எழுத்து வந்தது. ‘ஏற்கப்பட்டது.’ அவளுக்குப் பக்கத்தில் தெரிந்த முகமாக யாரும் இல்லை. நாற்காலி அடுக்க வந்தவரிடம் செல்பேசியைக் காட்டினாள். அவர் “நல்லதும்மா” என்று சொல்லிவிட்டு, அவள் சாய்ந்து நின்ற நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனார்.

*

“வாழ்த்துகள்” என்றார் ஜன்னல் எழுத்தர். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “படம் தெளிவா வந்திருக்கு. அக்கா ரொம்ப முறைக்கறாங்க. பதிவாயிடுச்சும்மா. இனி சட்டப்படி நீங்க தங்கச்சி.”

“அப்ப அக்காவைக் கூட்டிட்டு வந்துடலாமா மேடம்?”

எழுத்தர் தட்டிப் பார்த்தார். திரும்பவும் தட்டினார்.

“அதுல ஒரு சின்ன விஷயம். அவங்க உறவினரற்றோர் பட்டியலுக்குப் போயிட்டாங்க இல்லையா? அந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கு உறவுன்னு ஒரு கட்டமே கிடையாதும்மா. உறவே இல்லாதவங்களுக்கு அது எதுக்குன்னு வைக்கலை. நீங்க தங்கச்சிங்கறது உறுதி. யாருக்குங்கற இடம்தான் காலியா நிக்குது.”

“காலியாவா?”

“வேற யாராவது அக்கா இருக்காங்களா?” என்றார் எழுத்தர், உதவும் நோக்கத்தோடு.

ஜன்னல் கண்ணாடியில் அவள் முகமும் உள்ளே இருந்த எழுத்தரின் முகமும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன.

அடுத்த நாள் தையல்காரி மெஷினில் உட்காரவில்லை. சீப்பு, ஊசிநூல், ஒரு புது ஜிப், இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வெளியூர் பஸ் ஏறினாள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரியும். அங்கேயும் ரோடு இருக்கும் அல்லவா?

பஸ் அவளை இறக்கிவிட்ட இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லை. வெட்டவெளியில் நீளமாக ஒரு கட்டடம். வாசலில் ஒரு காவலாளி, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆளைப் பார்த்ததும் பதறித் தொப்பியைத் தலையில் வைத்தார்.

“யாரும்மா?”

அவள் செல்பேசியை எடுத்தாள். பச்சை எழுத்து, பதிவு எண், படம் எல்லாம் அதில் இருந்தன.

“உறவா?” என்றார் காவலாளி, அவள் காட்டுவதற்கு முன்பே. “உறவுன்னா நீங்க தப்பான இடத்துக்கு வந்திருக்கீங்க. இங்க இருக்கறவங்க யாருக்கும் உறவே கிடையாது. உறவுன்னு ஒருத்தர் வந்தா நான் மேல எழுதிப் போடணும். அவங்க வந்து விசாரிப்பாங்க.”

“உறவு இல்லைன்னா?”

“இல்லைன்னா என்ன? போங்க. அதுக்கு விதி ஒண்ணும் எழுதலையே.”

“அனுமதிச் சீட்டு?”

“கிடையாது.”

“எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம்?”

“அதுவும் எழுதலை. யாரும் வர மாட்டாங்கன்னு எழுதாம விட்டுட்டாங்க. யார் வேணா வரலாம், எப்ப வேணா போகலாம். யாரும் வர்றதில்ல, அவ்வளவுதான்.” பிறகு கொஞ்சம் ஆவலோடு, “நீங்க யாரு?” என்று மறுபடி கேட்டார்.

தையல்காரி செல்பேசியை அணைத்துப் பையில் போட்டாள்.

“யாரும் இல்ல. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்” என்றாள்.

காவலாளி இரண்டு கதவுகளையும் முழுக்கத் திறந்துவிட்டார். ஒரு கதவு திறந்தே பழக்கம் இல்லாததால் துருவேறிக் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நீண்ட கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் நடந்து போகப்போக ஒவ்வொரு முகமும் ஒரு கணம் நிமிர்ந்து, அவள் தாண்டியதும் தாழ்ந்தது. அதைப் பார்க்காமல் நடக்க அவள் முயன்றாள். முடியவில்லை.

அக்கா கடைசி ஜன்னலோரம் இருந்தாள். மடியில் அந்தப் பை, ஊக்கு குத்தினபடியே. தங்கையைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, இடுப்பு விடாமல் உட்கார்ந்தாள்.

“எப்படிடி உள்ள விட்டான்? தங்கச்சி ஆயிட்டியா?”

“ஆயிட்டேன். ஆனா வாசல்ல யாருன்னு கேட்டாரு. யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

அக்கா முதலில் முறைத்தாள், படத்தில் முறைத்த அதே முறைப்பு. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். தையல்காரி சீப்பை எடுத்து அந்த நேர்வகிட்டைக் கலைத்தாள்.

அப்போது நாலு கட்டில் தள்ளியிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். தொலைபேசி வரிசையில் இருமிக்கொண்டு நின்ற அதே ஐயாவாக இருக்க வேண்டும். சட்டையில் மேல்பொத்தான் இல்லை. சட்டையைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“எனக்கும் யாராவது வந்திருக்காங்களாம்மா?”

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை பைக்குள் கைவிட்டு ஊசிநூலைத் தேடினாள்.

“லைன்ல இருங்க ஐயா” என்றாள் அக்கா. “இதோ, கொடுக்கறேன்.”